‘இந்தப் புத்தகம் இருக்கா?’: டெல்டாவில் ஒரு பல்கலைக்கழகப் பதிப்புத்துறை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரி டெல்டாவில் இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தின் பதிப்புத்துறையில் இருபது ஆண்டுக்கு மேலாக மெய்ப்புப் பார்க்கிறேன், அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துகிறேன். விற்பனை அறை எங்கள் அறைக்கு அடுத்த கதவு. அங்கே ஆள் இல்லாத நேரத்தில் வருகிறவர்களுக்கு நான்தான் பதில் சொல்வேன். ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஊர் வரலாறு எழுதுகிறவர்கள், பேருந்துக்கு நேரம் இருக்கிறதே என்று எட்டிப் பார்க்கிறவர்கள் என எல்லோரும் வருவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதியிருக்கிறேன்.

பதிப்புத்துறை என்றால் கேள்வித்தாளும் பாடப்புத்தகமும் அச்சடிக்கிற இடம்தானே?

கேள்வித்தாள் தேர்வுப் பிரிவின் வேலை. எங்களுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தொலைநிலைக் கல்விப் பாடங்கள் சில எங்கள் வழியாகப் போகும். ஆனால் எங்களுடைய முதல் வேலை ஆய்வு நூல்கள். கல்வெட்டுத் தொகுதி, சுவடிப் பதிப்பு, அகராதி, களஞ்சியம், வாய்மொழிப் பாடல்களின் தொகுப்பு என்று போகும்.

இவற்றை வெளியில் ஒரு பதிப்பாளர் தொடத் தயங்குவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வட்டிக்கு வாங்கிப் போட்ட காசு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் அவருக்கு. கல்வெட்டுத் தொகுதி ஒரு வருடத்தில் விற்காது, முப்பது வருடம் மெல்ல மெல்ல விற்கும். 1981இல் தஞ்சாவூரில் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகம் வாழ்வியற் களஞ்சியத்தையும் அறிவியல் களஞ்சியத்தையும் தொகுதி தொகுதியாகக் கொண்டுவந்தது. 1929இல் சிதம்பரத்தில் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் கம்பராமாயணத்தை உரையோடு பல தொகுதிகளாக வெளியிட்டது. இத்தனை பேரைக் கூட்டி இத்தனை ஆண்டு உட்கார வைக்கிற வேலையைத் தனி ஒருவர் கைக்காசில் செய்ய முடியாது. அதற்காகத்தான் பல்கலைக்கழகத்துக்குள் ஒரு பதிப்புத்துறை.

ஒரு நாள் முழுக்க அங்கே என்னதான் நடக்கும்?

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. பத்து மணிக்குக் கதவைத் திறந்ததும் காகித வாசனை, பசை வாசனை. முதலில் தபால் பார்ப்போம். கல்லூரி நூலகம் ஒன்றிலிருந்து ஆணை, ஒரு ஆசிரியரிடமிருந்து திருத்திய மெய்ப்பு, ஒரு வாசகரிடமிருந்து பிழையைச் சுட்டிய கடிதம். அப்புறம் அவரவர் மேசைக்குப் போய்விடுவோம்.

மெய்ப்புப் பார்ப்பது இரண்டு பேர் வேலை. ஒருவர் மூலத்தைக் கையில் வைத்து உரக்கப் படிப்பார், மற்றவர் அச்சுப்படியைப் பின்தொடர்வார். படிக்கிறவர் வெறும் சொல்லைப் படித்தால் போதாது. ‘கமா’, ‘புள்ளி’, ‘ஒற்று’, ‘பத்தி’ என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். ‘ரகரம்’, ‘றகரம்’ என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அறைக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு ஏதோ மந்திரம் ஓதுவதுபோல இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வேலையை வைத்துக்கொள்ள மாட்டோம், கண் ஏமாற்றிவிடும். அந்த நேரத்தில் பொருளடக்கத்தின் பக்க எண்ணைச் சரிபார்ப்பது, சொல்லடைவு அட்டவணை போடுவது, கிடங்கில் இருப்பு எண்ணுவது.

ஒரு நூல் வெளிவர இரண்டு மூன்று வருடம் ஏன் ஆகிறது?

நியாயமான கேள்வி. தாமதத்தில் ஒரு பங்கு நிர்வாகத்தால் வருவது. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்வதற்குள் கார்த்திகை போய்ப் பங்குனி வந்துவிடும். அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

ஆனால் இன்னொரு பங்கு அந்த வேலைக்கே உரியது. சுவடிப் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஓலையில் புள்ளி வைக்க மாட்டார்கள். அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். குறில் ‘எ’, நெடில் ‘ஏ’ வேறுபாடும் எழுத்தில் தெரியாது. ‘ஒ’, ‘ஓ’ இரண்டுக்கும் அதே கதைதான். மெய்யெழுத்துக்குப் பின்னால் வரும் காலும் ‘ர’ என்ற எழுத்தும் ஒரே வடிவத்தில் இருக்கும். ஆகவே ஓலையில் ‘பர’ என்று தெரிகிற இரண்டு எழுத்தை ‘பர’ என்றும் படிக்கலாம், ‘பா’ என்றும் படிக்கலாம், ‘பர்’ என்றும் படிக்கலாம். எது சரி என்று சொல்ல யாப்பு தெரிய வேண்டும், பொருள் தெரிய வேண்டும், அந்தப் பக்கத்துப் பேச்சு தெரிய வேண்டும். கொள்ளிடக் கரையில் ஏலாக்குறிச்சியில் பல காலம் வாழ்ந்த வீரமாமுனிவர் குறில் நெடிலை எழுத்திலேயே பிரித்துக் காட்ட வழி செய்தார் என்று பள்ளியில் படித்திருப்போம். ஒரு சுவடியை முன்னால் வைத்து உட்காரும்போதுதான் அது எவ்வளவு பெரிய உபகாரம் என்று புரிகிறது.

ஒரே நூலுக்கு நாலு சுவடி கிடைத்தால் நாலும் நாலு விதமாக இருக்கும். எதை மேலே வைப்பது, எதை அடிக்குறிப்பில் பாடபேதமாகக் காட்டுவது என்று ஒவ்வொரு வரிக்கும் முடிவெடுக்க வேண்டும். அதன்பின் கைப்படி வெளியில் ஓர் அறிஞருக்கு மதிப்பீட்டுக்குப் போகும். அவர் குறிப்போடு திரும்பும். ஆசிரியர் திருத்துவார். பிறகு தட்டச்சு, முதல் மெய்ப்பு, இரண்டாம் மெய்ப்பு, பக்க அமைப்பு, மூன்றாம் மெய்ப்பு. இதில் எந்தப் படியைத் தாண்டினாலும் நூல் சீக்கிரம் வரும். ஆனால் அடுத்த ஐம்பது வருடம் அதை மேற்கோள் காட்டுகிற ஒவ்வொருவரும் நாம் விட்ட பிழையைச் சேர்த்தே எடுத்துக்கொண்டு போவார்கள்.

இப்போதுதான் கணினி இருக்கிறதே, அதுவே பிழை திருத்தாதா?

உதவும். நாங்களும் பயன்படுத்துகிறோம். ஒற்றுப்பிழைகளில் பாதியை அது காட்டிவிடும். ஆனால் அது தனக்குத் தெரியாத சொல்லைப் பிழை என்று சொல்கிறது, நாங்கள் வெளியிடுவதில் பெரும்பகுதி அதற்குத் தெரியாத சொற்கள்.

இதைக் கணினியின் குறையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், பழைய நிலக் கணக்குகளைப் பற்றிய நூல் ஒன்று மெய்ப்புக்கு வந்தது. அட்டவணையில் ‘மாகாணி’ என்ற சொல் பல இடத்தில் இருந்தது. எனக்கு அந்தச் சொல் தெரியாது. தட்டச்சு செய்தவர் ‘மாகாணம்’ என்பதைத் தவறாக அடித்துவிட்டார் என்று நினைத்து, எல்லா இடத்திலும் சிவப்பு மையால் ‘மாகாணம்’ என்று திருத்தினேன். மூலத்தோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்கும். அவசரத்தில் அந்த அட்டவணையை மட்டும் தனியாகப் பார்த்தேன். அப்படியே அச்சாகி, நூல்கட்டும் (பைண்டிங்) ஆகிவிட்டது.

மூன்று மாதம் கழித்து மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை. எழுதியவர் ஒரு விவசாயி. ‘மாகாணி என்பது பதினாறில் ஒன்று. ஒரு வேலிக்கு இருபது மா, ஒரு மாவுக்கு நூறு குழி. இது தெரியாமல் நிலக் கணக்கை அச்சுப் போட்டால் எப்படி?’ என்று கேட்டிருந்தார். கோபமாக எழுதவில்லை, வருத்தமாக எழுதியிருந்தார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஊரில் எங்கள் தாத்தா ‘மூணு மா நெலம்’ என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். மாவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் அவரிடம் கேட்டதில்லை. பிழைத்திருத்தத் தாள் அச்சிட்டு, கிடங்கில் இருந்த ஒவ்வொரு படியிலும் என் கையாலேயே ஒட்டினேன். விற்றுப்போன படிகளில் அந்தப் பிழை இன்றைக்கும் இருக்கிறது.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். தெரியாத சொல்லைத் திருத்த மாட்டேன். ஓரத்தில் கேள்விக்குறி போட்டு ஆசிரியருக்கு அனுப்புவேன். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

நெல்லுக்குப் பேர்போன ஊரில் அச்சுத் தொழிலுக்கு என்ன பழமை இருக்கிறது?

நிறைய இருக்கிறது. இங்கே பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு ஆதங்கம்.

தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு தமிழ் கற்றுக்கொண்டு, சில ஆண்டுகளில் அங்கேயே ஓர் அச்சகம் வைத்தார். அச்சு இயந்திரம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்து அனுப்பினார்கள். அந்த எழுத்து அளவில் பெரிது, காகிதத்தைத் தின்றது. காகிதமோ கடல் கடந்து வர வேண்டியது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சின்ன எழுத்து வெட்டி வார்த்தார்கள். பக்கத்தில் பொறையாறில் காகிதப் பட்டறையும் வைத்துப் பார்த்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் முழுதாக அச்சாகி முடிந்தது. காகித விலைக்குப் பயந்து எழுத்தைச் சின்னதாக்குவது என்ற யோசனையை நாங்களும் இன்றைக்கு வரை பண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம்.

தஞ்சாவூரில் இரண்டாம் சரபோஜி காலத்தில், 1800களின் தொடக்கத்தில், தேவநாகரி எழுத்தில் அச்சிடும் கூடம் அரண்மனையிலேயே இருந்தது. அவர் வளர்த்த சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்த நூலகமும் தன் சுவடிகளைப் பதிப்பித்து வருகிறது.

அப்புறம் கும்பகோணம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட, 1855இல் பிறந்த உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சீவகசிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. வேலை கும்பகோணத்தில், அச்சகம் சென்னையில். விடுமுறை கிடைத்தபோதெல்லாம் சென்னைக்கு ரயிலேறி மெய்ப்புப் பார்த்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது, சுவடி கொடுத்தவர்களின் பெயரையெல்லாம் நன்றியோடு முகவுரையில் எழுதி வைத்த பண்பு. எங்கள் துறையில் ஒரு நூலுக்கு ஏடு தந்தவர், பாட்டுப் பாடிக் கொடுத்தவர், ஊர்ப் பெயருக்கு விளக்கம் சொன்னவர் என்று எல்லோர் பெயரும் முன்பக்கத்தில் வர வேண்டும் என்று நான் சண்டை போட்டாவது வாங்கிவிடுவேன்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டை நூலாக வெளியிடுவீர்களா?

அனுப்புங்கள். ஆனால் ஆய்வேட்டை அப்படியே அனுப்ப வேண்டாம். ஆய்வேடு தேர்வாளர்களுக்காக எழுதியது. ‘இவ்வியலில் இன்னின்னவை ஆராயப்படுகின்றன’ என்று தொடங்கி, ‘இவ்வியலில் இன்னின்னவை ஆராயப்பட்டன’ என்று முடியும். புத்தகத்தில் வாசகருக்கு அந்த இரண்டும் வேண்டாம். முன்னாய்வுகளைப் பட்டியலிடும் இயல், எதற்குமே பதில் வராத வினாநிரல் பின்னிணைப்பு எல்லாவற்றையும் எடுங்கள். நீங்கள் கண்டுபிடித்தது என்ன என்பதை முதல் இருபது பக்கத்துக்குள் கொண்டுவாருங்கள். களப்பணிக்குப் போன ஊரின் பெயர், பேசியவர்கள் சொன்ன சொல், இவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். பத்து வருடம் கழித்து உங்கள் நூலைத் தேடி வருகிறவர் அவற்றுக்காகத்தான் வருவார்.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் ஏறுகின்றன. அங்கே இருப்பதையே தாளில் மறுபடி அச்சிடுவதில் யாருக்கும் லாபம் இல்லை. அதனால்தான் மாற்றி எழுதச் சொல்கிறோம்.

பணம் கட்டினால் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு ஒரு மாதத்தில் புத்தகம் போட்டுத் தருவதாக ஒருவர் சொல்கிறார். சேரலாமா?

சேராதீர்கள். இந்தக் கேள்வியோடு வருகிற இளம் ஆசிரியர்களைப் பார்த்தால் மனசு கனத்துப் போகிறது. பதவி உயர்வுக்குப் புள்ளி வேண்டும், வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்காகக் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள்.

ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு நூலை இன்ன நூல் என்று அடையாளம் காட்டும் எண். நூலின் தரத்துக்கு அது சான்று அல்ல. காப்புரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் உள்ள தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. 2007இலிருந்து பதின்மூன்று இலக்கம். இந்திய நூல் என்றால் 978க்குப் பிறகு 81 அல்லது 93 வரும். இலவசமாகக் கிடைக்கிற எண்ணுக்கு ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ‘மதிப்பீட்டாளர் யார், அவர் என்ன குறிப்பு எழுதினார், எத்தனை மெய்ப்பு பார்ப்பீர்கள், நூல் எந்தக் கடையில் கிடைக்கும்’ என்று நாலு கேள்வி கேளுங்கள். நல்ல பதிப்பாளர் நாலுக்கும் பதில் சொல்வார்.

கைப்படியை எந்த எழுத்துருவில் தர வேண்டும்?

யூனிகோடில் தாருங்கள். இதில் மட்டும் நாங்கள் பிடிவாதம். 1991இல் வந்த முதல் யூனிகோடு பதிப்பிலேயே தமிழ் இருக்கிறது. இருந்தும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் இன்னும் கோப்புகள் வருகின்றன. அவற்றை மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், கிரந்த எழுத்து காணாமல் போகும்.

யூனிகோடிலும் சில இடத்தில் கவனம் வேண்டும். ‘ஔவை’ என்று ஒரே எழுத்தாக அடிப்பதற்குப் பதில் ‘ஒ’வையும் ‘ள’வையும் சேர்த்து ‘ஒளவை’ என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், அகரவரிசையில் வேறு எங்கேயோ போய் விழும். தமிழ் எண்களும் அப்படித்தான். ௧ என்ற எண் ‘க’ போலவும், ௭ என்ற எண் ‘எ’ போலவும் தோன்றும். கல்வெட்டு நூலில் ஆட்சியாண்டு ஏழு என்பது ‘எ’ ஆகிவிட்டால் பிறகு தேடினாலும் கிடைக்காது. இந்த எழுத்துகளை மட்டும் தனியாகத் தேடிப் பார்த்துவிட்டு அனுப்பினால் எங்களுக்கு ஒரு வாரம் மிச்சம்.

விலையை எப்படி வைக்கிறீர்கள்? சில நூல் மலிவு, சில நூல் கை வைக்க முடியவில்லையே?

பக்கக் கணக்குதான் முக்கியம். டெம்மி என்ற புத்தக அளவில் ஒரு ஃபாரம், அதாவது சேர்த்து அச்சிட்டு மடிக்கிற ஒரு தாள், பதினாறு பக்கம். 256 பக்கம் என்றால் சரியாகப் பதினாறு ஃபாரம். 258 ஆகிவிட்டால் அந்த இரண்டு பக்கத்துக்காகத் தனியாக ஒரு துண்டு ஃபாரம் ஓட்ட வேண்டும். அதனால்தான் கடைசி நேரத்தில் ‘இன்னும் ஒரே ஒரு நன்றியுரை’ என்று ஆசிரியர் கொண்டுவந்தால் எங்கள் முகம் மாறும்.

அடுத்தது படிகளின் எண்ணிக்கை. தகடு போடுவது, இயந்திரத்தைத் தயார் செய்வது எல்லாம் 300 படிக்கும் ஒரே செலவு, 3000 படிக்கும் ஒரே செலவு. குறைவாக அடித்தால் ஒரு படியின் தலையில் அதிகம் விழும். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, காகிதத்துக்கும் அச்சுக்கூலிக்கும் உண்டு. பழைய நூல்கள் பழைய விலையிலேயே இருக்கும். இருபது வருடத்துக்கு முந்தைய தடித்த நூல் ஒன்று, நேற்று வந்த மெல்லிய நூலைவிட மலிவாக இருப்பது அதனால்தான். வந்தால் முதலில் அந்த அலமாரியைப் பாருங்கள்.

காகிதத்தைப் பற்றி ஒரு சந்தோஷமான செய்தியும் சொல்லிவிடுகிறேன். கரூர்ப் பக்கம் காவிரிக் கரையில் புகழூருக்கு அருகே, காகிதபுரத்தில் இருக்கிற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்வதற்குப் பெயர் பெற்ற ஆலை அது. கரும்பைப் பிழிந்து வெல்லமும் சர்க்கரையும் எடுத்தபின் மிஞ்சுவதில் ஒரு புத்தகத்தின் பக்கம் உருவாகிறது என்று பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னால், உடனே பக்கத்தை முகர்ந்து பார்ப்பார்கள்.

மழைக்காலத்தில் புத்தகம் வராதாமே, உண்மையா?

ஐப்பசி, கார்த்திகையில் முடிந்தவரை கட்டு வேலை வைத்துக்கொள்ள மாட்டோம். காகிதம் ஈரத்தை இழுத்து நெளிந்துகொள்ளும். பசை காயாது. காயாத பசையோடு வெட்டினால் முதுகு பிளக்கும். காகிதத்தின் நார் ஓடும் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இல்லாவிட்டால் மழைக்காலத்தில் அட்டை வில்லாக வளையும்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டாவில் மின்சாரம் பல நாள் இல்லை. நாங்கள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தோம். கிடங்கில் கீழ்த்தட்டிலிருந்த கட்டுகளை எல்லாம் மேலே ஏற்றினோம். எங்களுக்குப் புத்தகம்தான் நனைந்தது. தென்னையைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள்.

கரையானும் ராமபாணப் பூச்சியும் வருடம் முழுக்க உண்டு. தரையிலிருந்து ஒரு சாண் உயரம், சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி. இது கிடங்கின் முதல் சட்டம்.

பழைய நூல்களை இணையத்தில் போட்டுவிட்டால் என்ன?

நல்லது. நானும் அந்தக் கட்சிதான். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான பழைய நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நாட்டுடைமை ஆன நூல்களுக்கும் காப்புரிமைக் காலம் முடிந்தவற்றுக்கும் தடை எதுவும் இல்லை. இந்தியாவில் ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு வரை காப்புரிமை. எங்கள் நூல்களில் பல அந்தக் காலத்துக்குள் இருப்பவை. ஆசிரியரின் வாரிசுகளைத் தேடிக் கடிதம் எழுதி ஒப்புதல் வாங்குகிறோம். முகவரி மாறியிருக்கும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். கண்டுபிடித்துப் பேசியதும் பெரும்பாலானவர்கள் ‘அப்பா எழுதினது நாலு பேர் படிக்கட்டும்’ என்று உடனே சம்மதித்துவிடுகிறார்கள்.

நகல் எடுத்தால் மட்டும் போதாது, தேடும்படி எழுத்தாக மாற்ற வேண்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது. ணா, றா, னா, லை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் இப்போதைய வடிவத்துக்கு மாறின. அதற்கு முந்தைய நூல்களில் அவை சுழித்த பழைய வடிவத்தில் இருக்கும். இயந்திரம் படித்தாலும் அந்த இடங்களில் மனிதக் கண் ஒன்று பின்னாலேயே போக வேண்டியிருக்கிறது.

வீட்டுப் பரணில் ஓலைச்சுவடி இருக்கிறது. என்ன செய்ய?

முதலில் அதை வெயிலில் காய வைக்காதீர்கள். மண்ணெண்ணெய் தடவாதீர்கள். ஒட்டிக்கொண்ட ஏடுகளை இழுத்துப் பிரிக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சுவடித்துறை இருக்கிறது. சரசுவதி மகாலும் இருக்கிறது. காட்டினால் என்ன நூல் என்று சொல்வார்கள்.

‘வெறும் வைத்தியக் குறிப்புதான்’, ‘பழைய கணக்குதான்’ என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அதில் எத்தனை போயிற்று என்று யாருக்குத் தெரியும்? உங்கள் பரணில் இருப்பது ஒருவேளை நாலாவது பிரதியாக இருக்கலாம், மற்ற மூன்றிலும் சிதைந்த வரி அதில் முழுதாக இருக்கலாம்.

வெளியிட்ட நூல்களை எங்கெல்லாம் பார்க்கலாம்?

1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு நூலும் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஏசியாடிக் நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் போக வேண்டும். புத்தகக் காட்சிகளில் எங்கள் கடையைத் தேடுங்கள், பெரும்பாலும் கடைசி வரிசையில் இருக்கும்.

இங்கே வேலைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

தமிழ் முதுகலை போதும் என்று விளம்பரத்தில் வரும். அதோடு சேர்த்து இரண்டு சொல்வேன். தொல்காப்பியம், நன்னூல் படித்தால் மட்டும் போதாது, ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசிப் பழகுங்கள். அப்புறம் கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் மேசையில் என்ன இருக்கிறது?

டெல்டாவின் பாசனச் சொற்களைத் தொகுத்த நூல் ஒன்று, இரண்டாம் மெய்ப்பில். தலைமடை, கடைமடை, மதகு, கலிங்கு, வடிகால் எல்லாம் புத்தகத்தில் ஏறிவிட்டன. ஒரே பொருளுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு சொல், அந்தப் பக்கம் ஒரு சொல் இருக்கிறது. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதற்கு, உடைப்பை அடைக்கிற மண்கட்டிக்கு, வாய்க்காலில் படியும் வண்டலுக்கு உங்கள் ஊரில் என்ன சொல்கிறீர்கள் என்று ஊர்ப் பெயரோடு ஓர் அட்டையில் எழுதி அனுப்புங்கள். பக்க அமைப்பு முடிகிற வரை சேர்க்க இடம் இருக்கிறது. உங்கள் பெயர் முன்பக்கத்தில் வரும்.

அலமாரியில் இரண்டு படி கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் ‘இருப்பு இல்லை’ என்கிறீர்களே?

இந்தக் கேள்விதான் கோபத்தோடு வரும். எத்தனையோ தூரம் பேருந்து ஏறி வந்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

ஒவ்வொரு நூலிலும் கடைசி இரண்டு படியை நாங்கள் விற்பதில்லை. ஒன்று நகல் எடுக்கவும் மறு அச்சுக்குப் பார்க்கவும். மற்றொன்று திருத்தப்படி. நூல் வெளிவந்த நாளிலிருந்து வாசகர்கள் எழுதி அனுப்புகிற பிழைகளை எல்லாம் அதன் ஓரத்தில் குறித்து வருவோம். மறு அச்சு அதிலிருந்துதான் போகும். அந்த நிலக் கணக்கு நூலின் திருத்தப்படியும் அங்கேதான் இருக்கிறது. ‘மாகாணம்’ என்று அச்சான இடமெல்லாம் அடிக்கப்பட்டு, மன்னார்குடிக்காரரின் அஞ்சலட்டை அட்டவணைப் பக்கத்தில் செருகப்பட்டிருக்கிறது.

விற்க முடியாது, ஆனால் படிக்கலாம். வடக்கு ஜன்னல் பக்கம் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பத்து மணியிலிருந்து ஐந்து வரை உட்காரலாம். தேவையான பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். பெயரையும் நூலின் பெயரையும் பதிவேட்டில் எழுதிவிட்டுப் போங்கள். ஒரே நூலைப் பத்துப் பேர் கேட்டதாகப் பதிவேட்டில் இருந்தால், மறு அச்சுக்கான கோப்பில் அந்தப் பக்கத்தின் நகலைத்தான் முதலில் வைப்போம்.